நிதானமாக எழுதிய கடிதம்

காலிஸ்டோ நிலவு, பனிச்சுரங்க நிலையம் 3. பொறுப்பாளர் மு. இசக்கியம்மாள். இங்கே வேறு ஆள் கிடையாது. இதைக் கண்டெடுப்பவர் படிக்கலாம்.

நாள் 212. 06:10
துளைப்பான் சீர். மின்சாரம் சீர். கரியமில வாயுவை உறிஞ்சும் தகடுகளில் மூன்று போய்விட்டன. மிச்சம் நாற்பது நாள் தாங்கும். புதிய தகடு கேட்டுச் சென்னைத் தலைமையகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். சரக்குக் கப்பல் 236ஆம் நாள் இந்தப் பக்கம் வருகிறது. கேட்டால்தான் நிற்கும்.

நாள் 212. 08:02
திரும்பி வந்துவிட்டது. “தங்கள் முகவரி சந்தேகப் பட்டியலில் உள்ளது. விளம்பரச் சொற்கள் கொண்ட கடிதங்கள் ஏற்கப்படமாட்டா.”

நாள் 215. 11:30
காரணம் பொடி எழுத்தில் அடியில் இருந்தது. போன பொங்கலுக்கு நிறுவனத்தின் மூவாயிரம் பேருக்கும் வாழ்த்து அனுப்பினேன். நானே வரைந்த பானையும் கரும்பும். நாற்பத்தொரு பேர் அதை ஸ்பேம் என்று குறித்திருக்கிறார்கள். நன்றாக இருக்கட்டும்.
சந்தேகப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி விண்ணப்பித்தேன். ‘உடனே’ என்ற சொல்லுக்காக அது திரும்பியது. அதை எடுத்துவிட்டு அனுப்பினேன். பரிசீலனைக்குத் தொண்ணூறு நாளாம்.

நாள் 221. 10:15
குரல் அனுப்பும் கருவி நான்கு மாதமாகப் பழுது. அவர்கள் பேசினால் கேட்கும், என்னால் பேச முடியாது. மின்னஞ்சலை விட்டால் வழியில்லை.
‘அவசரம்’ திரும்பியது. ‘கடைசி வாய்ப்பு’ திரும்பியது. ‘உயிர்’, காப்பீடு விற்பவர்கள் தேய்த்த சொல். ‘மூச்சு’ லேகியக்காரர்களுடையது. உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு சொல்கூட மிச்சம் வைக்கவில்லை, பாவிகள்.

நாள் 229. 14:20
தலைவலி. நாலு அடி நடந்தால் இரைக்கிறது. இருபத்து மூன்றாவது கடிதம்: “வணக்கம். இங்கு நலம். தங்கள் வசதிப்படி சில உறிஞ்சு தகடுகள் அனுப்பினால் நன்று. நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.”

நாள் 229. 17:00
திரும்பி வரவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டது. உட்கார்ந்து அழுதேன்.

நாள் 237. 09:05
கப்பல் நேற்று நிற்காமல் போய்விட்டது. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்று சரக்குப் பிரிவிலிருந்து குரல் செய்தி:
“அக்கா, செல்வின் பேசுறேன். உங்க மெயில் வந்துச்சு. நிதானமா பாத்துக்கலாம்னு எழுதியிருந்தீங்கல்ல, அதான் கப்பல நிறுத்தச் சொல்லல. அடுத்த வருஷக் கப்பல்ல கண்டிப்பா வச்சிடுறேன். இங்க எல்லாரும் அவசரம் அவசரம்னு உயிர எடுக்குறாங்க. உங்கள மாதிரி பொறுமையா எழுதுறவங்களே இல்லக்கா.”
நல்ல பையன். அவனைத் திட்டக்கூட முடியவில்லை.

நாள் 251. 09:20
கடைசித் தகடும் கறுத்துவிட்டது. இனி எந்தச் சொல்லுக்கு நான் பயப்பட வேண்டும். எல்லாவற்றையும் போட்டு எழுதினேன். அவசரம். உயிர். மூச்சு. உடனே. செல்வின், உடனே.

நாள் 251. 10:41
“தங்கள் கடிதம் விளம்பரமாகக் கருதப்பட்டது. இது தவறென்று நினைத்தால் தொண்ணூறு நாளுக்குள் எழுதவும்.”

10:52
தவறென்று நினைக்கிறேன்
எழுத