காம்பஸ் நாற்பது

டீச்சர்,

இன்று காலை அறிவியல் அறையில் மர அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டில் அந்த அட்டைப்பெட்டி அப்படியே இருந்தது. அதன்மேல் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் உங்கள் கையெழுத்து: "இரும்பு பீரோவில் வைக்காதீர்கள்." மூடியைத் தூக்கியதும் காய்ந்த வேப்பிலை வாசனை வந்தது. கரையான் ஏறாமல் இருக்க நீங்கள் போட்டு வைத்தவை. இலையெல்லாம் தொட்டால் பொடியாகிறது. வாசனை மட்டும் போகவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பள்ளிக்கு வேண்டிய பொருள்களைப் பட்டியல் போட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். முன்பு ஒரு முறை நமக்குப் பொருள்கள் வாங்கி அனுப்பிய அதே பிள்ளைகள்தான், நம் மாவட்டத்தில் பிறந்து வெளியூர்களில் வேலை பார்ப்பவர்கள், இந்த வருஷமும் என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். "நீங்களே எழுதிடுங்க டீச்சர், நீங்கதான் நல்லா எழுதுவீங்க" என்றார் தலைமையாசிரியர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் புதிதாக வந்தவர். நான் நன்றாக எழுதிய லட்சணம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்கள் அறிவியல், நான் கணக்கு. பதினோரு வருஷம் நான் உங்களை டீச்சர் என்றேன், நீங்களும் என்னை டீச்சர் என்றீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய தேவையே வரவில்லை. நான் சின்னசேலத்திலிருந்து வந்து கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். கருணாபுரத்திலிருந்து நடந்தே வந்து, ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்து, பையை வைத்துக் காத்திருப்பீர்கள். கச்சிராயபாளையம் தாண்டி, நம் பள்ளி இருக்கும் மலை ஏறும் வரைக்கும் நம் வகுப்புப் பிள்ளைகள் கதைதான். வளைவுகள் தொடங்கியதும் எனக்குத் தலை சுற்றும். வாயில் ஒரு எலுமிச்சை மிட்டாயைத் திணித்துவிட்டு மீதிக் கதையை நீங்களே பேசுவீர்கள்.

அந்த வெளியூர்க்காரர்களுக்கு முதல் கடிதத்தை நான் அந்த பஸ்ஸில்தான் எழுதினேன். அப்போது பத்தாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். வட்டம் போடும் காம்பஸ் மொத்தம் நாலு. ஆறாம் வகுப்பில் வாங்கிய கணிதப் பெட்டி பத்தாம் வகுப்புக்கு வருவதற்குள் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். காம்பஸ் முனை காலில் தைத்த முள்ளை எடுக்கப் போய்விடும். தகர டப்பாவில் அவரை விதை குடியேறிவிடும். அந்த நாலு காம்பஸும் முதல் பெஞ்சில் கிளம்பிக் கடைசிப் பெஞ்சுக்குப் போய்ச் சேருவதற்குள் மணி அடித்துவிடும். பெண் பிள்ளைகள் வளையலைத் தாளில் வைத்து வட்டம் போடுவார்கள். அழகான வட்டம்தான். மையம் எங்கே என்று கேட்டால் வளையல் சொல்லாது.

பொதுத்தேர்வில் செய்முறை வடிவியலுக்கு எட்டு மதிப்பெண். தட்டுத் தடுமாறுகிற பிள்ளை கரையேறுவதே அதை வைத்துத்தான். தேர்வு அறையிலோ பக்கத்தில் இருப்பவரிடம் பென்சில்கூட வாங்க முடியாது. கடைசிப் பெஞ்சு அலமேலுவின் அப்பா என்னிடம் நேரிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "கணக்குல போச்சுன்னா நான் இட்டுக்கினு போயிடறேங்க. மொளவு பறிக்க ஆள் பத்தல." மிளகுத் தோட்டத்துக்குப் போன பிள்ளைகள் திரும்பப் பள்ளிக்கு வந்ததை நாம் அதிகம் பார்த்ததில்லை.

அதனால்தான் பட்டியலில் முதல் வரியாக "காம்பஸ் – 40" என்று எழுதினேன். நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள்.

"கவராயம்னு எழுதிடுங்க டீச்சர். இன்னாத்துக்கு வம்பு."

"யாருக்குங்க புரியும் அந்த வார்த்தை? அவங்கல்லாம் இங்கிலீஷ்ல படிச்ச பசங்க. காம்பஸ்னா காம்பஸ்தான்" என்றேன்.

நீங்கள் ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்தீர்கள்.

காலாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது பார்சல் வந்திருந்தது. கிராஃப் நோட்டுகள், உருப்பெருக்கிக் கண்ணாடிகள், சட்ட காந்தங்கள் எல்லாம் கேட்டபடியே இருந்தன. கடைசியாக அந்தப் பெட்டியைப் பிரித்தார்கள். "டீச்சர், ஊசி ஆடுது!" என்று ஒருத்தி கத்தினாள். கையில் வாங்கிப் பார்த்தேன். உருண்டையான கண்ணாடி டப்பி, உள்ளே ஒரு காந்த ஊசி, சுற்றிலும் டிகிரி கோடுகள். திசைகாட்டி. நாற்பதும் திசைகாட்டி. அவர்கள் மேல் தப்பே இல்லை. காம்பஸ் கேட்டோம், காம்பஸ் அனுப்பியிருக்கிறார்கள். என் காது இரண்டும் சுட்டது. பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருக்க, நான் பெட்டியை மூடினேன்.

"திருப்பி அனுப்பிடலாம். இல்லன்னா பீரோவுல வச்சுப் பூட்டிடலாம். யாருக்கும் தெரிய வேணாம்" என்று உங்களிடம் கிசுகிசுத்தேன்.

"அதுங்க இன்னா தப்பு செஞ்சிதுங்க, பூட்டி வைக்கறதுக்கு?" என்றீர்கள். "மத்தியானம் உங்க பீரியட எனக்குக் குடுங்க."

கோபத்தில்தான் கொடுத்தேன். மைதானத்தில் பிள்ளைகளை இரண்டு கை தூரம் விட்டு விட்டு உட்கார வைத்தீர்கள். ஊசிகள் ஒன்றையொன்று இழுக்கக் கூடாதாம். நான் வகுப்பறை ஜன்னலில் நின்று முறைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு ஊசிகளும் ஆடி ஆடி நின்றதும் பிள்ளைகள் பக்கத்துக்குப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். "எல்லாம் வடக்க, செங்கம் பக்கம் பாக்குது டீச்சர்!" என்று கூவினார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கே உடம்பு சிலிர்த்தது. அத்தனை ஊசியும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே பக்கம் நிற்பதை நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம்தான் பார்த்தோம், ஒரு ஊசி மட்டும் கோணிக்கொண்டு நின்றது. அலமேலுவின் ஊசி. டப்பியை மாற்றிக் கொடுத்தீர்கள், அதுவும் கோணியது. "அலமேலு மேல பேய் இருக்குது" என்று பையன்கள் ஆரம்பித்துவிட்டார்கள். அவள் துப்பட்டா நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு தலை குனிந்தாள். அந்த நுனியில் அவள் அம்மா ஒரு லாட ஆணியை வைத்துத் தைத்திருந்தாள். வயசுக்கு வந்த பெண் காட்டு வழியே தனியாக நடந்து வருகிறாள், காத்து கருப்பு அண்டாமல் இருக்க இரும்பு. நானாக இருந்தால் அங்கேயே மூடநம்பிக்கை என்று ஒரு பாடம் எடுத்திருப்பேன். அந்தப் பெண் மறுநாள் பள்ளிக்கு வந்திருக்க மாட்டாள்.

நீங்கள் குனிந்து உங்கள் முந்தானையைத் திருப்பினீர்கள். உள்பக்கம் ஒரு ஊக்கு.

"இதோ பாரு, எங்கம்மா இன்னும் எனக்குக் குத்தித்தான் அனுப்புது. கருணாபுரத்துல இருந்து மலைக்குப் போறேன்னு அதுக்குப் பயம்." ஊக்கை ஒரு டப்பியின் அருகில் கொண்டுபோனீர்கள். அந்த ஊசியும் உங்கள் பக்கம் திரும்பியது. "காத்து கருப்பு வருதா இல்லியான்னு எனக்குத் தெரியாது. ஊசி வருது. அத நீங்களே பாக்கறீங்க. ஏன் வருது?"

சிரித்துக்கொண்டிருந்த பையன்கள் அடங்கி, யோசிக்க ஆரம்பித்தார்கள். "இரும்பு டீச்சர்!" என்றார்கள். நீங்கள் அலமேலுவைப் பார்த்தீர்கள். "உங்கிட்டதான் நல்ல கனமான இரும்பு கீது. எவ்ளோ திரும்புதுன்னு நீ பாத்துச் சொல்லு."

அவள் டப்பியின்மேல் கவிழ்ந்து ஆணியை முன்னும் பின்னும் நகர்த்தினாள். "இருபத்தஞ்சு... இப்ப நாப்பது. கிட்ட வந்தா ஜாஸ்தி ஆவுது டீச்சர், எட்டப் போனா கம்மி ஆவுது." என் வகுப்பில் மூன்று மாதமாக வாயே திறக்காத பெண். மறுநாள் கோணம் என்றால் என்ன என்று கேட்டேன். புத்தக வரியைச் சொல்ல வேண்டியவர்கள் எல்லாம் விழித்துக்கொண்டிருக்க, அவள் எழுந்து, "திரும்பறது டீச்சர்" என்றாள். இருபது வருஷமாகக் கோணத்தை இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒரு வளைவு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தவள் நான். அது திரும்புவது என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

ஆனாலும் காம்பஸ் நாலுதான். திசைகாட்டியை வைத்து வட்டம் போட முடியாது.

அப்புறம்தான் நமக்குள் சண்டை வந்தது. என்னைக் கேட்காமல் நீங்கள் இரண்டாவது கடிதம் எழுதியிருந்தீர்கள். அனுப்பிய பிறகு அதன் நகலைப் பஸ்ஸில் காட்டினீர்கள். ஒரு பக்கம் கவராயத்தின் படம், கீழே "நாங்கள் கேட்க நினைத்தது." இன்னொரு பக்கம் திசைகாட்டியின் படம், கீழே "நாங்கள் தவறாக எழுதியதால் வந்தது. இதையும் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறோம்." கூடவே அலமேலு அளந்த அளவுகள்.

"கணக்கு டீச்சருக்குக் காம்பஸ் எழுதத் தெரியலன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்க" என்று கத்தினேன். நடத்துனர் திரும்பிப் பார்த்தார்.

"தப்பு நம்புளுது டீச்சர்" என்றீர்கள். "மார்க்கு புள்ளைங்களுது."

இரண்டு நாள் நான் உங்களோடு பேசவில்லை. நீங்கள் பிடித்து வைத்த இடத்தில் உட்காராமல் நின்றுகொண்டே மலை ஏறினேன். மூன்றாம் நாள் ஒரு வளைவில் தள்ளாடி உங்கள் மடியிலேயே விழுந்தேன். "வந்துட்டீங்களா" என்று மிட்டாயைப் பிரித்தீர்கள். அதோடு சண்டை முடிந்தது.

பொங்கல் கழிந்த வாரம் பார்சல் கள்ளக்குறிச்சிக்கு வந்தது. மலைக்கு வந்து சேரட்டும் என்று நீங்கள் காத்திருக்கவில்லை. போய் வாங்கி, மடியில் வைத்தே கொண்டுவந்தீர்கள். நாற்பது கவராயம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிப் பென்சில். கூடவே ஒரு சீட்டு: "திசைகாட்டிகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம். நாங்கள் படிக்கும்போது எங்களுக்கு யாரும் இதைக் காட்டவில்லை." அதைப் படித்துவிட்டு நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். கருணாபுரம் என்று உங்கள் தெருவின் பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை எத்தனையோ முறை சிரித்துக்கொண்டே கடந்தவர் நீங்கள். அன்றைக்கு ஒரு சீட்டுக்கு அழுதீர்கள். நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன். பார்த்தேன் டீச்சர்.

கணக்குத் தேர்வு அன்று பள்ளி வாசலில் வெயிலில் இரண்டு பேரும் நின்றோம். அலமேலு வெளியே ஓடி வந்தாள்.

"தொடுகோடு வந்துது டீச்சர்!"

"போட்டியா?" என்றேன்.

"ரெண்டும் போட்டேன்."

வெளிப்புள்ளியிலிருந்து வட்டத்துக்கு இரண்டு தொடுகோடுகள். ஒன்றைப் போட்டுவிட்டு எழுந்து வருகிறவர்கள்தான் நம் வகுப்பில் ஜாஸ்தி. தேர்ச்சி பெற்றாள். அவள் அப்பா மிளகுக்குத் தனியாகத்தான் போனார். இப்போது விடுதியில் தங்கி அறிவியல் பாடம் எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

அந்தச் சீட்டை வாங்கிய நாளிலேயே உங்கள் வயிற்றில் கட்டி இருந்தது. உங்களுக்குத் தெரிந்திருந்தது, என்னிடம் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. கோபிக்க ஆள் இல்லாமல் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று இந்த ஒரு வருஷத்தில் தெரிந்துகொண்டேன். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை இப்போது நானே ஓடிப் பிடிக்கிறேன். வளைவுகள் வந்ததும் கை தானாகப் பக்கத்து இருக்கைப் பக்கம் போகிறது.

காரியம் முடிந்த பிறகு உங்கள் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். கிளம்பும்போது உங்கள் அம்மா உள்ளே போய் அந்த ஊக்கை எடுத்து வந்து, என் முந்தானையின் உள்பக்கம் குத்திவிட்டார்கள். "நீயும் மலைக்குத்தான போற, இருக்கட்டும்" என்றார்கள். எனக்குக் காத்து கருப்பில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒரு நாள்கூட அதைக் கழற்றியதில்லை. புதிதாகப் பத்தாம் வகுப்புக்கு வருகிறவர்களுக்குக் கோணப் பாடத்தை இப்போது மைதானத்தில்தான் தொடங்குகிறேன். முந்தானையைத் திருப்பி உங்கள் ஊக்கைக் காட்டுகிறேன். ஊசி திரும்பியதும் பிள்ளைகள் கத்துகிற சத்தம் அப்படியே அன்றைக்குக் கேட்டதுதான்.

இன்று காலை மடியில் இருந்த பெட்டியில் எண்ணிப் பார்த்தேன். நாற்பதில் பன்னிரண்டு ஊசிகள் சோர்ந்துவிட்டன. கீழே பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியிலிருந்தும் "எங்களுக்கும் அந்த ஊசிப் பொட்டி கெடைக்குமாங்க" என்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். பெட்டியை மர அலமாரியில், நீங்கள் வைத்த இடத்திலேயே வைத்தேன். புதிதாகக் கொஞ்சம் வேப்பிலை பறித்துப் போட்டேன்.

பிறகு கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில் முதல் வரியில் "காம்பஸ் – 40" என்று வந்துவிட்டது. அடித்தேன். "கவராயம் – 40" என்று எழுதிப் பக்கத்தில் படம் போட்டேன். அடுத்த வரியில் "திசைகாட்டி – 40" என்று எழுதி அதற்கும் படம் போட்டேன். தலைமையாசிரியர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல எது டீச்சர் நமக்கு முக்கியமா வேணும்?" என்று கேட்டார்.

"ரெண்டும்" என்றேன்.