தேவகியின் படம் போட்ட பொட்டலம்

விடுதி அறையில் எனக்குத் தலை பின்னிவிட்டபடியே வேதியியல் சொல்லிக்கொடுத்த என் தேவகிக்கு,

நீ போய் ஆறு வருடம் ஆகிறது. உன்னிடம் சொல்ல நினைப்பதையெல்லாம் இதுவரை மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். இப்போது எழுத வேண்டியதாகிவிட்டது. உன் படம் கடையில் விற்கிறது, தேவகி.

நம் ஆய்வு வழிகாட்டி ஓய்வு பெற்றதும் திருவண்ணாமலைக்கே குடிவந்துவிட்டார். பெயரை எழுதக் கை கூசுகிறது. 'சார்' என்றே எழுதுகிறேன், அந்த நல்ல சொல்லை அவருக்காக வீணாக்கி. ஞானம் தேடி வந்தாராம். ஞானமே நேரில் வந்தாலும் வாசலில் காக்கவைத்து, அதன் கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொள்கிறவர்.

எண்பத்தொன்பதில் மருந்து வேதியியல் படிக்கச் சென்னைக்குப் போகிறோம் என்றதும், மெடிக்கல் ஷாப் வைக்கத்தானே என்று உன் மாமா கேட்டார். ஒரு மூலக்கூறு மருந்தாவதற்குள் எத்தனை முறை தோற்க வேண்டும் என்பதைத்தான் அந்தப் படிப்பு முழுக்க நமக்குச் சொல்லித்தந்தது. சார் மட்டும் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. தோற்ற சோதனையை அவர் எழுதவே விடமாட்டார்.

மலையடிவாரத்தில் படரும் அந்தக் கசப்புக் கொடியை அவர் உனக்குக் கொடுத்தது நினைவிருக்கிறதா? இலைச் சாற்றைத் தீனியில் கலந்து எலிகளுக்கு வைத்தாய். ரத்தத்தில் சர்க்கரை இறங்கியது. துறை முழுக்கக் கேசரி கொடுத்தார். நீ ஒருத்திதான் கூண்டுக்குள் மிச்சம் கிடந்த தீனியைப் பார்த்தாய். கசப்பு தாங்காமல் எலிகள் பாதிகூடத் தின்னவில்லை. வேறு எலிகளுக்குச் சாறே கலக்காமல், அதே அளவு தீனியைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்தாய். அவற்றுக்கும் அதே அளவு இறங்கியது. பட்டினி செய்த வேலையை இலையின் கணக்கில் எழுதியிருந்தார்கள்.

"சாப்பிடலன்னா எனக்கும்தான் சார் சுகர் இறங்கும்" என்றாய்.

"நீ இன்னாம்மா, எலிக்கு வக்கீலா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவர்களில் பலர் இன்று பேராசிரியர்கள், வேறெதற்குத் தகுதி?

நீ தலைப்பையே மாற்றி முதலிலிருந்து தொடங்கினாய். பொய் எழுதுவதைவிட வயதாவது மேல் என்றாய். உன் பட்டம் வருடக்கணக்கில் தள்ளிப்போனது. அவர் அந்த இலையைத் தூக்கிக்கொண்டு மாநாடு மாநாடாகப் போனார்.

இப்போது அதே இலையைப் பொடியாக்கி, கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடை போடுகிறார். விரல் நுனியில் ஊசி குத்திச் சர்க்கரையும் பார்த்துச் சொல்கிறார். பொடி வாங்கிப் போனவர்கள் அடுத்த பௌர்ணமிக்கு வந்து காட்டினால் கம்மியாக இருக்கிறது. இருக்காதா? பகலெல்லாம் விரதம். அதோடு பாதி மலையைச் சுற்றி நடந்து வந்திருக்கிறார்கள். எலிகளையாவது அவர் நடக்கவைக்கவில்லை.

தெரியாமல் செய்கிறார் என்றால் முட்டாள் என்று விட்டுவிடலாம். நீ அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாயே.

போன மாதம் கீழ்பென்னாத்தூருக்கு உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். பாதி ஆளாகியிருந்தார்கள். இடது கால் கட்டைவிரலில் புண், சுற்றிலும் கறுத்திருந்தது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தி நாலைந்து மாதமாம். அலமாரியில் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் பட்டமளிப்பு அங்கியில் நீ சிரிக்கிறாய். சார் வீட்டுக்கே வந்து, ஞாபகார்த்தமாக என்று படத்தை வாங்கிப் போனாராம். பணிவாகத் தரையில் உட்கார்ந்து மோர்கூடக் குடித்தாராம்.

உடனே டாக்டரிடம் போகலாம் என்றேன். அம்மா அசையவில்லை.

"எம் பொண்ணு கண்டுபுடிச்ச மருந்துடி அம்சா. அத வுட்டுட்டு கவர்மென்ட் மாத்திரய துண்ணட்டுமா? பௌர்ணமி அன்னிக்குப் பாத்தாங்க, கம்மியாதான் இருந்திச்சி. பசியே எடுக்கறதில்ல, அவ்ளோ வேல செய்யிது."

நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல்? உன்னைப் பற்றி அவர்களிடம் மிஞ்சியிருந்த பெருமையே அந்தப் பொட்டலம்தான். அதைப் பிடுங்கினால் மனசு போகும், விட்டால் கால் போகும். பக்கத்தில் உட்கார்ந்து, கூண்டில் மிச்சம் கிடந்த தீனியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா மாடு கன்று வளர்த்தவர்கள். தின்னாத உயிர் எப்படியிருக்கும் என்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அம்மா கேட்டார்கள்: "அப்போ எம் பொண்ணு இன்னாதான் கண்டுபுடிச்சா?"

"இது மருந்து இல்லனு கண்டுபுடிச்சாம்மா. அத்தன பேர் இருந்தாங்க, அவ ஒருத்திதான் கண்டுபுடிச்சா."

அம்மா கத்தரிக்கோலை எடுத்துவரச் சொன்னார்கள். ஒவ்வொரு பொட்டலத்திலிருந்தும் உன் முகத்தை மட்டும், காதில் கத்தரி படாமல், வெட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். பொடியை என்னிடம் கொடுத்து எருக்குழியில் கொட்டச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது புடவை மாற்றிக்கொண்டிருந்தார்கள். "ஆட்டோ கூப்புடு" என்றார்கள்.

கால் தப்பிவிட்டது. விரலைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அம்மா இப்போது மூன்று வேளையும் சரியாகச் சாப்பிடுகிறார்கள், மாத்திரையும் போடுகிறார்கள். சாரிடம் இதைச் சொன்னேன். விரதத்தில் சிரத்தை இல்லாதவர்களுக்குப் பொடி பலிக்காதாம். மூலக்கூறுகளை நம்பிப் பிழைத்தவர் இப்போது சிரத்தையைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்.

மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்குப் புகார் கொடுத்திருக்கிறேன். அது நகரும்போது நகரட்டும். வரும் பௌர்ணமிக்கு அவர் கடைக்கு எதிரே ஒரு மேசை போடுகிறேன். விரதம் இருந்தவர்களிடம், நாளைக்குச் சாப்பிட்ட பிறகு ஆஸ்பத்திரியில் பாருங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொல்வேன். யார் சொன்னது என்று கேட்டால் உன் பெயரைத்தான் சொல்வேன். அம்மாவும் வந்து உட்காருவேன் என்கிறார்கள். நாற்காலி சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்கும் இன்னொரு மகள்,
அம்சா