ஹுஸ்னியாவின் ஸ்கூட்டி மறுபடியும் வீதியில்

சிலாவத்துறை
19.03.2017

அன்பு மகன் முபீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் இங்கே மூவரும் சுகம், இந்த முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையாகவே சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். இரண்டு மாதமாக வாப்பாவோடு மட்டும் கதைத்துவிட்டுப் போனை வைக்கிறாய், தங்கச்சியைக் கேட்பதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். உன்னோடு வேலை செய்யும் மஹ்மூது லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்புகிறான் என்றதும் இதை எழுதி அவன் கையில் கொடுக்கிறேன், போனில் எனக்கு இவ்வளவு பேச வராது.

நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். ஹுஸ்னியா முதன்முதலாக பக்கத்து ஊர் அரிப்பில் உள்ள பாலம் வரை ஸ்கூட்டி ஓடியதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பியவள் நான். என் தங்கச்சி என்று பெருமையாக எழுதி அதை முகநூலில் எல்லோரும் பார்க்கும்படி போட்டவன் நீ. யாரோ அதை எடுத்து, ஆடு குறுக்கே வர அவள் தடுமாறிய இடத்தை மட்டும் வெட்டி, ஒரு பாட்டும் சேர்த்து, புத்தளத்து மகாராணி என்று பெயர் வைத்து ஒரு பக்கம் தொடங்கிவிட்டார்கள். ரியூசன் வகுப்புக்குத்தான் போகிறாளா என்று ஒருவன் கேட்டிருந்தான், இதற்குத்தானா ஊருக்குத் திரும்பி வந்தார்கள் என்று இன்னொருவன். நாங்கள் இடம்பெயர்ந்து புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோது பிறந்த பிள்ளை அவள், அந்த வார்த்தை என்னையும் சுட்டது. அவளுக்குக் காலையானால் வயிற்றுவலி, சாப்பாடு பாதி, ரியூசன் நின்றுவிட்டது. நான் செய்தது என்ன தெரியுமா, அவளுடைய போனை வாங்கி அலுமாரியில் பூட்டினேன், ஸ்கூட்டியைப் பின்வளவில் தறப்பாளால் மூடினேன், பார்க்காவிட்டால் தானாக அடங்கிவிடும் என்றேன். பட்டம் பெற்று இருபது வருடம் படிப்பித்தவளுக்கு அவ்வளவுதான் தோன்றியது. அவளோ நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து என் போனில் அதையே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள்.

வயிற்றுவலிக்கென்று மன்னாருக்குக் கூட்டிப்போனோம், டொக்டர் எங்களை அருள்நாயகி என்ற உளவளத்துணையாளரிடம் அனுப்பினார். கதைத்தால் வலி போகுமா என்று நினைத்துக்கொண்டுதான் போனேன், உனக்கு என்னைத் தெரியும். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "டீச்சர், போனையும் ஸ்கூட்டியையும் பறிச்சது உங்கட மகளுக்குத் தண்டனை. எழுதினவங்களுக்கு என்ன தண்டனை குடுத்தனீங்கள்?" அன்றே போனைத் திருப்பிக் கொடுத்தேன். அருள்நாயகி சொன்னபடி, பின்னேரம் ஒரு தடவை மட்டும், நான் பக்கத்தில் இருக்க, இருவரும் சேர்ந்து அந்தப் பக்கத்தைப் பார்ப்போம், ஒவ்வொன்றையும் திகதியோடு படமாக எடுத்து வைப்போம், முகநூலுக்கு முறைப்பாடு செய்வோம். பக்கத்தை எடுத்துவிட்டார்கள், நாலாம் நாள் வேறொன்று முளைத்தது. வயிற்றுவலி மட்டும் கொஞ்சம் குறைந்தது.

எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் வந்த கடிதங்களைச் செயலாளர் முழுவதாக, அனுப்பியவர் பெயரோடு வாசிப்பது வழக்கம், செயலாளர் நான்தானே. படமெடுத்து வைத்த கருத்துகளைக் காட்டி, இதையும் வாசியுங்கோ உம்மா என்றாள் ஹுஸ்னியா. பெயர்களோடு வாசிக்கிறேன் என்று நான் தயாரானேன். அவள் விடவில்லை, எனக்கு நடந்தது அவங்களுக்கு நடக்க வேணாம் என்றாள். பெயரில்லாமல் யாருக்கு உறைக்கும் என்று வாதாடிப் பார்த்துத் தோற்றேன். நாற்பத்தொரு கருத்துகள். தண்ணீர் வெட்டு அறிவித்தலை வாசிக்கும் அதே குரலில் வாசித்தேன். முதலில் சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், ஐந்தாவதோடு சிரிப்பு நின்றது. பன்னிரண்டாவதில் உம்மு ஸல்மா எழுந்துவிட்டா. "நிப்பாட்டுங்கோ டீச்சர். இது எண்ட மகன்ட கதை. வீட்டில தங்கச்சிமாருக்கும் இப்பிடித்தான் சொல்லுறவன்." பெற்றவர்களுக்குப் பெயர் தேவையில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் தாளை மடிக்கப் பார்த்தேன், பின்கதிரையிலிருந்து ஹுஸ்னியா எழுந்தாள். "மிச்சத்தையும் கேளுங்கோ மாமி, இன்னும் இருபத்தொம்பது இருக்கு. நான் எல்லாத்தையும் தனியத்தான் வாசிச்சனான்." முழுவதையும் கேட்டார்கள் மகன், ஒருவரும் எழும்பவில்லை.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு நாலு பெடியன்கள் தாய்மாரோடு எங்கள் முற்றத்தில் நின்றார்கள். பக்கம் அதற்கு முன்பே மறைந்துவிட்டது. ஹுஸ்னியா தேநீர் கொடுத்துவிட்டு, மன்னிப்பெல்லாம் இருக்கட்டும், டயரில காத்தில்ல, தள்ளிக்கொண்டு போய் அடிச்சுத் தாங்கோ என்றாள். வெயிலில் சந்தி முழுக்கப் பார்க்க அந்த ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். வாப்பா சிரித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். திங்கட்கிழமை அவள் ஸ்கூட்டியில் ரியூசனுக்குப் போனாள், பின் சீட்டில் நான், கண்ணை மூடிக்கொண்டு. இப்போது உம்மு ஸல்மாவின் மகளும் வேறு இருவரும் அவளிடம் ஸ்கூட்டி ஓடப் பழகுகிறார்கள். சில காலைகளில் வயிறு இன்னும் வலிக்கிறது, மாதத்தில் இரண்டு வியாழன் அருள்நாயகியிடம் போய் வருகிறாள். தவணைப் பரீட்சையில் விழுந்த புள்ளிகளை ஓகஸ்ட்டில் வரும் பெரிய பரீட்சைக்குள் எடுத்துவிடுவாளாம், நானும் நம்புகிறேன்.

உன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை, கூடப்பிறந்த அண்ணன், அவளுடைய நானா, ஏன் தன்னோடு கதைக்கிறாரில்லை என்பதுதான் கோபம். இனி யாருடைய படத்தையும் அவரிடம் கேட்காமல் போடாதே, உன் பக்கத்தைத் தெரிந்தவர்களோடு நிறுத்திக்கொள். உங்கள் அறையில் யாராவது ஒரு பிள்ளையின் படத்தைக் காட்டிச் சிரித்தால் நீயும் சேர்ந்து சிரிக்காதே, சிரித்த முகம் மட்டும் போட்டவர்களையும் இவள் எண்ணி வைத்திருந்தாள்.

வெயிலில் வேலை, தண்ணீர் குடி, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல சகவாசத்தையும் தரட்டும். உறைக்குள் கடதாசியில் பிரின்ட் எடுத்த படம் ஒன்று இருக்கிறது, பாலத்தடியில் ஸ்கூட்டியோடு அவள். பின்பக்கத்தைப் பார்க்க மறக்காதே, அவளே எழுதியிருக்கிறாள்: "நானா, இதைப் போடுங்கோ. எண்ட பேரோட போடுங்கோ."

உன் உம்மா
சரீபா