தேசம்மாவுக்குச் செய்த கைக்கோடாலி

மே 3, திங்கள். அம்பத்தூர்.

நாளை கத்திரி. இன்றே கொல்லையில் நிற்க முடியவில்லை. ஆனாலும் கைக்கோடாலி முடிந்தது. என் முதல் கோடாலி. குமாஸ்தா வேலை போய் ஐந்து மாதம். பேனாக் காய்ப்புக்குப் பக்கத்தில் இப்போது தீக்காயம்.

பட்டறை என்று சொல்லிக்கொள்வது: அடித்து நிமிர்த்தத் தண்டவாளத் துண்டு. காற்றுக்கு அப்பாவின் ஆர்மோனியத்திலிருந்து பிரித்த துருத்தி. பிடிக்க என் சம்சாரம் ரத்தினத்தின் அடுப்பங்கரை இடுக்கி (அவளுக்கு இன்னும் கோபம்). யுத்தத்தில் இரும்புக்கு எங்கே போவது? ஆவடியில் பட்டாள லாரியிலிருந்து கழித்துப்போட்ட வில் பட்டை.

உலையில் இரும்பு வெள்ளையாகப் பழுத்து மத்தாப்பு மாதிரிப் பொறி விட்டது. ரத்தினத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்படியே தண்ணீரில் முக்கினேன்.

மே 4, செவ்வாய்

எதிர்வீட்டுத் தேசம்மா வந்து வாங்கிக்கொண்டாள். விறகு விற்கும் தொட்டியில் கட்டையைச் சிலாம்பாகப் பிளப்பவள். புருஷன் இல்லை. கோடாலிக்கு மஞ்சள், கற்பூரம், முதல் வெட்டு எலுமிச்சம்பழத்தில். பாதி அவளுக்கு, பாதி செய்தவனுக்கு. நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள்; இருந்தும் வாங்கி மாடத்தில் வைத்தேன்.

"சொம்மா சொல்லக்கூடாது அண்ணாத்தே, ஷோக்கா கீது."

இன்று இரண்டு முறை கண்ணாடி பார்த்தேன்.

மே 6, வியாழன்

கோடாலியின் வாய் தெறித்துவிட்டது, கட்டைவிரல் அகலத்துக்கு. தேசம்மா கொண்டுவந்தாள். கூடவே தொட்டி மேஸ்திரி, வேடிக்கைக்கு நாலு பேர்.

"இன்னா சார், ரெண்டு நாள் தாங்கல?" என்றார் மேஸ்திரி.

நான் சொன்னது, எழுதவே கை கூசுகிறது: "கல்லுல போட்டிருப்பாங்க."

தேசம்மா என்னைப் பார்த்தாள். மேஸ்திரி அவளிடம், "கண்ண எங்க வெச்சிகினு வெட்னே? நாளைலேந்து நீ வெட்ட வேணாம். மரப்பட்டை கூட்டு."

கோடாலி இங்கே. தெறித்த சில்லு அவளிடம்.

மே 7, வெள்ளி

பல்வலி. கிராம்பு.

மிச்ச வில் பட்டையில் இரண்டு துண்டு. ஒன்றைப் பொறி பறக்கும்வரை காய்ச்சினேன், இன்னொன்றைச் சிவப்போடு நிறுத்தினேன். இரண்டையும் முக்கி உடைத்தேன். முதலாவது உள்ளே ரவை ரவையாக. மற்றது சாம்பல் போல நைசாக.

கோடாலியின் உடைந்த வாயைப் பார்த்தேன். ரவை. நான் மத்தாப்பு என்று ரசித்தது இரும்பு கருகியது. கல்லாவது மண்ணாவது.

ஜெபம் செய்ய வாய் வரவில்லை.

மே 9, ஞாயிறு

ஆலயத்தில் பாவ அறிக்கை. எல்லோரோடும் சேர்ந்து சத்தமாகச் சொன்னேன். அது சுலபம்.

திரும்பும் வழியில் தொட்டி. தேசம்மா குனிந்து பட்டை கூட்டிக்கொண்டிருந்தாள். குடையை அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டு நடந்தேன்.

ரத்தினம்: "வெயில் இந்தப் பக்கமில்ல அடிக்குது?"

மே 11, செவ்வாய்

புதுக் கோடாலி. மூன்று துண்டு பாழ், பிறகுதான் பிடிபட்டது. சிவப்போடு நிறுத்தி, வாயை மட்டும் முக்கி, மறுபடி லேசாகச் சூடு காட்டினேன். புளியங்கட்டையில் நானே ஐம்பது வெட்டு. வாய் நிற்கிறது. இனி சாக்கு இல்லை.

மே 12, புதன்

காலையில் தொட்டி. மேஸ்திரி, வண்டிக்காரர்கள், எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். "அது கல்லுல படல. நான்தான் இரும்பைக் கருக்கிட்டேன். பழியை இவங்க மேல போட்டேன்." ஒரு வண்டிக்காரன் சிரித்தான்.

மேஸ்திரி காது குடைந்தபடி, "சரி, நாளைக்கு இவளே வெட்டட்டும்."

தேசம்மா மடியிலிருந்து சில்லை எடுத்தாள். "கல்லுல பட்டா வாய் மடங்கும், அண்ணாத்தே. இது ரவ மாரி ஒடஞ்சி கீது. எனக்கு அன்னிக்கே தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீ படிச்ச ஆளு. நான் சொன்னா யாரு நம்புவா? நீயா வருவியான்னு பாத்துகினு இருந்தேன். ஆறு நாளு."

கோடாலியை நீட்டினேன். வாயைத் தடவிப் பார்த்து வாங்கிக்கொண்டாள். பையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தேன். அதையும் நீட்டினேன்.

"இத்த நீயே எடுத்துகினு போ. ஒரு வாரம் வெட்டிப் பாக்கறேன் மொதல்ல."

பழம் மாடத்தில், காய்ந்துபோன பாதிக்குப் பக்கத்தில்.