எல்லாம் பூஜ்யமான சாவி

1974 ஜனவரி 15, செவ்வாய்

இன்று என் பூட்டு கரும்பலகையில் ஏறியது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் செவ்வாய்க்கிழமை வழக்கம் அது. ஒருவர் செய்த பூட்டை மற்ற எல்லோரும் சேர்ந்து உடைக்கப் பார்ப்பார்கள். பூட்டு என்றால் கணக்குதான்: கணினியிலிருந்து போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாதபடி குழப்பிவிடும். குழப்பவும் பிரிக்கவும் ஒரு நீண்ட எண்வரிசை, அதுதான் சாவி.

ஆண்கள் முட்டி மோதி ஓய்ந்தார்கள். என்னோடு வேலை செய்யும் பெர்னிஸ் எழுந்தாள்.

"லெனோர், சாவி முழுக்க பூஜ்யமா இருந்தா என்ன ஆகும்னு பாத்தியா? ஒரு தடவை பூட்டினா பூட்டும். அதே சாவியால மறுபடி பூட்டினா திறந்துக்கும்."

சரிதான் என்று உடனே தெரிந்துவிட்டது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"கோடானுகோடி சாவி இருக்கு, பெர்னிஸ். அதுல போயி முழுப் பூஜ்யத்தை எவன் வைப்பான்? கார் சாவியை உள்ளயே வெச்சுப் பூட்டிட்டு நிக்கிறாரே, உன் புருஷன் ராய், அவரா?"

கார்வர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எங்கள் தலைவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ராய் கதையை அவள் முன்பு காரில் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதாமல் விடக்கூடாது.

ஜனவரி 16

பெட்ரோல் தட்டுப்பாடு. அதனால் நானும் பெர்னிஸும் ஒரே காரில்தான் வேலைக்குப் போய் வருகிறோம். இன்று வழியெல்லாம் ரேடியோதான் பேசியது.

பிப்ரவரி 4

பெர்னிஸைக் கையேடு எழுதும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். "அவளுக்கு எழுத்து நல்லா வரும்" என்றார் கார்வர். கணக்கு அதைவிட நன்றாக வரும் என்று நான் சொல்லியிருக்கலாம். பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 27

என் பூட்டை ஒரு பெட்டியாக்கி வங்கிக்கு அனுப்பப்போகிறோம். கையேடு சரிபார்க்க என்னிடம் வந்தது. பெர்னிஸ் எழுதியிருக்கிறாள்: "பெட்டி வரும்போது சாவி முழுவதும் பூஜ்யமாக இருக்கும். மாற்றாமல் பயன்படுத்தாதீர்கள்."

அடித்துவிட்டேன். 'வாடிக்கையாளரை வீணாக மிரட்டும்' என்று ஓரத்தில் குறித்தேன். உண்மையில் மிரண்டது யார்? அந்த வரி இருந்தால், அன்றைக்கு அவள் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

மார்ச் 20

வங்கியிலிருந்து ஓல்சன் என்பவர் போன் செய்தார்.

"மேடம், கிளையில ஒரு பெட்டி மாட்டினோம். வெளியூர் லைனுக்கு முன்னாடி இன்னொண்ணு. ரெண்டு பூட்டு போட்டா இன்னும் பத்திரம்னு நெனச்சோம். லைன்ல எட்டிப் பாத்தா ஜனங்க பேரு, கணக்கு, எல்லாம் அப்படியே ஓடுது!"

"சாவி என்ன வெச்சீங்க?"

"பெட்டியில வந்ததுதான். மாத்தணும்னு புத்தகத்துல ஒண்ணும் போடலையே?"

இரண்டிலும் அதே பூஜ்யச் சாவி: முதல் பெட்டி பூட்டியதை இரண்டாவது திறந்துவிட்டது. எவன் வைப்பான்? எல்லோரும் வைப்பார்கள். நாங்கள்தான் உலகம் சீட்டுக் குலுக்கிச் சாவி எடுக்கும் என்று நினைத்தோம்.

கார்வர் வந்து கேட்டார். "கையேடு யாரு எழுதினது, பெர்னிஸா? அப்போ அவளை வீட்டுக்கு அனுப்பவேண்டியதுதான்."

"அவதான் எழுதினா" என்றேன்.

பொய்யில்லை. பொய்யில்லையா?

மார்ச் 21

பெர்னிஸுக்கு இன்னும் தெரியாது. காரில் மழையைப் பற்றிப் பேசினாள். ச்சீ, என்ன பொம்பள நான்.

மார்ச் 26, செவ்வாய்

கையேட்டைப் பற்றிக் கேட்பதற்காக அவளையும் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கார்வர் ஆரம்பிக்குமுன் நான் எழுந்துவிட்டேன். ஜனவரியிலேயே அவள் கண்டுபிடித்தாள், சரி என்று எனக்கு அப்போதே தெரியும், எச்சரிக்கையை அவள் எழுதினாள், அடித்தது நான் — நின்றபடி சொல்லி முடித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"உக்காரு, லெனோர்" என்றார் கார்வர். என் முகத்தைப் பார்க்காமல்.

காரில் திரும்பி வரும்போது, பாலம் தாண்டியதும் பெர்னிஸ் சொன்னாள்: "ராயை வெச்சுக் கேலி பண்ணினதையும் சொல்லியிருக்கலாம்."

"அதை... விட்டுட்டேன்."

"கவனிச்சேன்."

மார்ச் 27

ராயிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்றார். அவள் அவரிடம் சொல்லவே இல்லை. நானே சொல்ல வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 30, செவ்வாய்

இப்போது எந்தப் பூட்டும் வெளியே போகுமுன் பெர்னிஸின் மேசைக்குப் போக வேண்டும்; புதுப் பிரிவு, தலைவி அவள். என் புதிய பூட்டைப் போன வாரம் கொடுத்திருந்தேன். இன்று அவளே கொண்டுவந்து வைத்தாள். இரண்டு தவறுகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

நன்றி என்றேன்.

"மூணாவது ஒண்ணும் இருக்கு."

"எங்க?"

"நீயே தேடு, மகாராணி."

சொன்னபோது சிரித்தாளா என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்க்கத் துணிவு வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் தேடிக்கொண்டிருக்கிறேன்.