கன்னியம்மா எருமையின் பால்

9-11-81, திங்கள்
விடியலிலிருந்து தூறல். பழவேற்காடு சொசைட்டியில் வழக்கம்போலப் பால் சோதனை. ஆசிட் தெறித்துச் சட்டையில் இன்னொரு ஓட்டை. ஏரிக்கு அக்கரை பசியாவரம் கன்னியம்மாவின் எருமைப் பாலில் மறுபடியும் கொழுப்பு ஐந்து சதவீதம்தான். மற்ற எருமைகள் ஏழுக்குக் குறையவில்லை. தண்ணீர் கலந்ததைக் காட்டும் லாக்டோமீட்டர் உடைந்து ஒரு வாரம். ஆனாலும் நோட்டில் ‘தண்ணீர்’ என்று எழுதிப் பாலைத் திருப்பிவிட்டேன்.
வரிசையில் ஒரு குரல்: “படகுல வர்றா இல்ல, ஏரித் தண்ணிக்கா பஞ்சம்?”
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
அவள் சொன்னது: “நீயே வந்து நின்னு பாரு சார், நான் கறக்கறத.”

10, செவ்வாய்
மழை. வாங்க வேண்டியவை: சோப்பு, கொசுவர்த்தி, அம்மாவுக்குத் தைலம்.
கன்னியம்மா வரவில்லை. சிரித்திருக்க வேண்டாம்.

11, புதன்
மாட்டு டாக்டரம்மாவிடம் லாக்டோமீட்டர் இரவல். முதல் படகில் பசியாவரம். கன்னியம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினாள், உள்ளே ஈரமில்லை. என் எதிரிலேயே கறந்தாள். அவள் புருஷன் வலையைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு.
“தீனி இன்னா போடற?” என்றேன்.
“தவுடு, புண்ணாக்கு. எம் புள்ளைங்களுக்கு மேலயே பாக்கறேன்.”
தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. சொசைட்டிக்குக் கொண்டுவந்து பார்த்தால் கொழுப்பு அதே ஐந்து.

12, வியாழன்
வெயில். அந்த எருமையை அவள் கன்றாக வாங்கியது திருப்பாலைவனம் ராமலிங்கத்திடம். பஸ் பிடித்துப் போனேன். தாய் எருமை இன்னும் கறக்கிறது. பாலைக் கொண்டுவந்து பார்த்தால் அதிலும் ஐந்து. அதே கொட்டிலில், அதே வைக்கோல் தின்னும் இன்னொன்றுக்கு ஏழரை!
டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “ரத்தத்துல வர்றதுப்பா. தாய் வழியாவும் வரும், கடா வழியாவும் வரும். தீனியால கொஞ்சம் ஏத்தலாம், அவ்ளோதான். குட்டையா பொறந்தவன திருடன்னு சொல்வியா?” அடுத்த ஈற்றுக்கு நல்ல கடாவாகப் பார்த்துச் சேர்க்கச் சொன்னார்.
கன்னியம்மாவை நாளைக்கு வரச் சொல்லிப் படகுக்காரரிடம் சொல்லியனுப்பினேன்.

13, வெள்ளி
வந்தாள், பால் கேனோடு. நோட்டில் ‘தண்ணீர்’ என்பதை அடித்துக் கையெழுத்துப் போட்டேன். தலைவருக்குக் கோபம். “சொசைட்டி மானம் போச்சேய்யா.” போகட்டும்.
வரிசையைப் பார்த்துச் சொன்னேன், கன்னியம்மா பாலில் தண்ணீர் இல்லை, அந்த எருமையின் வாகே அப்படி, தப்பு என்னுடையது என்று.
கன்னியம்மா கேனைக் கீழே வைக்கவில்லை. “பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல சார். இன்னொரு தபா சொல்லு.”
சொன்னேன்.