பெயர் மாற்றப்பட்டுள்ளது

செப்டம்பர் 8, திங்கள்

பாப்பாவுக்கு இன்றும் மூக்கடைப்பு. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டே களப்பணிக்குப் போனேன். ஜமுனாமரத்தூரிலிருந்து மினி பஸ், பிறகு ஒரு மணி நேர நடை. பதினான்கே வீடுகள் உள்ள ஊர். போன முறை என் கையில் படிவத்தைப் பார்த்து உள்ளே போய்விட்டவர்கள், பாப்பாவைப் பார்த்ததும் பாய் போட்டார்கள். சமூகப்பணிப் படிப்பில் இதை யாரும் சொல்லித்தரவில்லை.

பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் செவ்வந்தி பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, திருவண்ணாமலையில நர்சிங் சீட்டு கெடச்சிருக்கு. இருவத்திரண்டாந்தேதி சேரணும். சித்தி இட்டுனு போறேன்னு சொல்லிச்சி. அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா தம்பிங்கள யாரு பாப்பாங்கன்னு காப்பி எஸ்டேட்டு வேலைக்கு இட்டுனு பூடுவாரு."

மார்க் ஷீட்டைச் சாமை டிரம்முக்குள் புதைத்து வைத்திருக்கிறாள்.

"உங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன்."

செப்டம்பர் 10, புதன்

களப்பணி ரெக்கார்டு எழுதி முடித்தேன். செவ்வந்தியை மாலா ஆக்கிவிட்டேன். மேலே சிவப்பு மையில் "பெயர் மாற்றப்பட்டுள்ளது". அடிக்கோடும் போட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

மலை இறங்கி, கண்ணமங்கலம் பக்கம் எங்கள் கல்லூரி. வகுப்பில் பதினோரு பேர். வெள்ளிக்கிழமைதோறும் அவரவர் ரெக்கார்டைச் சத்தமாக வாசிக்க வேண்டும். சாமை டிரம் வரை வாசித்தேன். பாண்டுரங்கன் சார், "இதாம்மா வேலை. நம்பிக்கையைச் சம்பாதிச்சிருக்கீங்க" என்றார். கைதட்டினார்கள். கடைசி பெஞ்சில் நவீன்குமார்தான் ரொம்ப நேரம் தட்டினான்.

செப்டம்பர் 15, திங்கள்

பஸ் ஸ்டாண்டில் நவீன் ஓடிவந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, அது நம்ம செவ்வந்திதான? ரெண்டு தம்பி, எஸ்டேட்டு, சாமை டிரம்மு, வேற யாரு?"

அவன் பக்கத்து ஊர். எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

"சனிக்கிழம ரேஷன் கடையில அவங்க அப்பாவப் பாத்தேன். பொண்ணு நர்சாவப் போவுது, கை குடுங்க மாமான்னேன். எல்லாரும் கேட்டாங்க. யாரு சொன்னான்னாரு, அக்காதான் எழுதி வாசிச்சாங்க, மார்க் ஷீட்டுகூட டிரம்முல இருக்குதுன்னேன்."

"இன்னா நவீன் பண்ணிட்ட?"

"ஊரு முன்னாடி பெருமையாச் சொன்னா வேணாம்னு சொல்ல முடியாதில்லக்கா? குடும்பத்தையும் சேத்துப் பேசணும்னு சார்தான நடத்துனாரு."

செப்டம்பர் 16, செவ்வாய்

வீடு பூட்டிக் கிடக்கிறது. வாசலில் சாமை சிதறி, கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன.

பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் சொன்னார்: "ஞாயித்துக்கிழமயே பொறப்ட்டுட்டாங்க. டிரம்மக் கவுத்துக் கொட்டிட்டான் அந்தாளு. புள்ளைங்கள எஸ்டேட்டுக்கு இட்டுனு பூட்டான். நீ இன்னாத்தம்மா எழுதன?"

போன வாரம் பாப்பாவை வாங்கி வாங்கிக் கொஞ்சியவர். இன்று கை நீட்டவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமாவது புகார் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"பொண்ணுக்குப் பதினெட்டு வயசு முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு சார்."

"அப்ப அந்தப் பொண்ணுதான் வந்து சொல்லணும். நீங்க பேரை மாத்திட்டீங்க இல்ல? உங்க மேல தப்பு இல்லம்மா."

பதினான்கு வீட்டு ஊரில் பெயரை மாற்றினால் என்ன, மாற்றாவிட்டால் என்ன? கேட்காமலே ரெக்கார்டை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவள் அப்பாவின் போன் அணைந்தே கிடக்கிறது. எந்த எஸ்டேட் என்று சித்திக்கும் தெரியவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

இன்று இருபத்திரண்டு. பாப்பாவுக்கு ஜுரம்.

நவம்பர் 21, வெள்ளி

ரெக்கார்டு திரும்பி வந்தது. 'ஏ' கிரேடு. ஓரத்தில் சாரின் கையெழுத்து: "முதலாண்டு மாணவர்களுக்கு மாதிரியாகக் காட்டலாம்." கடைசிப் பக்கத்தில் 'முடிவு' என்ற கட்டத்தை நான் நிரப்பவே இல்லை. யாரும் கவனிக்கவில்லை. கல்லூரியில் வைத்துக்கொள்ளக் கேட்டார்கள். மறுக்கத் தெரியாமல் கொடுத்துவிட்டு வந்தேன். நான் என்ன வேலைக்குப் போகப்போகிறேன்?

ஜனவரி 13, செவ்வாய்

ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் பொங்கல் கூட்டம். கரும்புக் கட்டுகளுக்குப் பக்கத்தில் செவ்வந்தி, இரண்டு தம்பிகளோடு. விரல்களெல்லாம் வெடித்திருந்தன. பாப்பா அவளிடம் தாவிவிட்டாள்.

"மார்க் ஷீட்டு?" என்று மட்டும் கேட்டேன்.

என் பக்கம் திரும்பவே இல்லை. "அப்பாகிட்ட கீதுன்னு சொல்லு பாப்பா." பிறகு குழந்தையின் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சொன்னாள்: "பேச்சு வந்தா உங்கம்மாகிட்ட எதையும் சொல்லாத, இன்னா? எழுதிடுவாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பாப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தம்பிகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இதையும் எழுதிவிட்டேன்.